மூன்று சிவப்பு வட்டங்கள்

ரயில்வேயில் முப்பத்தொரு வருடம் சிக்னல் பார்த்தவர் என்பதால் குடியிருப்பில் அவர் பெயரே ‘சிக்னல்காரர்’ என்றாகிவிட்டது. ஓய்வுபெற்ற பிறகு அவருக்கு மிஞ்சியது ஒரே டியூட்டி: மனைவிக்கு வழித்துணை. அவளுக்கு மூட்டுத் தேய்மானம். ஆனாலும் மூன்று தெரு தள்ளிப் படுத்த படுக்கையாகக் கிடக்கும் அக்காவுக்குத் தலைவாரிவிட தினமும் போய்விடுவாள். மருந்துக்கடை எதிரே ஒரு பெஞ்சு, பள்ளிச் சுவரோரம் ஒன்று, சலவைக்கடைப் பக்கம் ஒன்று. மூன்றிலும் உட்கார்ந்து எழுந்தால்தான் அக்கா வீடு வந்து சேரும்.

முதியவர்கள் நடமாட ஏற்றபடி தெருக்களை மாற்றப்போகிறோம், யோசனை சொல்லுங்கள் என்று நகராட்சி கூட்டம் போட்டது. அதுவும் இரண்டாவது மாடியில், லிஃப்ட் ஓடவில்லை.

“நீங்க மட்டும் போயிட்டு வாங்க. பெஞ்சு விஷயத்தை மறந்துடாதீங்க. ஒண்ணுல பலகை உடைஞ்சிருக்கு,” என்றாள் மனைவி.

மேசை முழுக்கத் தெருப்படம் விரித்திருந்தார்கள். திட்ட அலுவலகப் பெண் வட்ட வட்டமான ஸ்டிக்கர்களை நீட்டி ஏதோ விளக்கினாள். பத்து வாய் ஒரே நேரத்தில் பேசியதில் பாதி அவர் காதில் விழவில்லை. மறுபடி கேட்கக் கூச்சம். நிற்கிற இடத்துக்குச் சிவப்பு. இதைக்கூடவா இவருக்குச் சொல்லித்தர வேண்டும்? மூன்று பெஞ்சுகளின் மேலும் கோணாமல் ஒட்டினார்.

“சிவப்பைக் கண்டா உங்க கை சும்மா இருக்காதே!” என்று சிரித்தார் பக்கத்துவீட்டுத் தையல்காரர்.

“அந்தக் கை சும்மா இருந்திருந்தா நீங்க இன்னைக்கு ஊசி கோத்துக்கிட்டு இருக்க மாட்டீங்க, போங்க!”

நான்கு மாதம் கழித்து, போல்ட்டை அறுத்து மூன்று பெஞ்சுகளையும் எடுத்துப்போய்விட்டார்கள். மருந்துக்கடை வரை வந்தவள் விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “திரும்பிடலாங்க,” என்றாள்.

அவர் நேரே அலுவலகத்துக்குப் போனார். அந்தப் பெண் படத்தை எடுத்துக் காட்டினாள்.

“பச்சைன்னா இருக்கட்டும், சிவப்புன்னா எடுத்துடுங்கன்னு அன்னைக்கே சொன்னேனே ஐயா. மூணுலயும் சிவப்புதான் இருந்துச்சு. வேற யாரும் ஒண்ணும் ஒட்டல.”

“திரும்ப வைக்க முடியாதாம்மா?”

“அடுத்த வருஷத் திட்டத்துல சேக்கப் பாக்கறேன்.”

மறுநாள் மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னாலேயே போனார். நடைபாதை நடுவே அவள் உட்கார்ந்ததும் கூட்டம் விலகி நடந்தது. “ஆம்புலன்ஸ் கூப்பிடவாம்மா?” என்று ஒருவன் குனிந்து கேட்டான். அதோடு சரி. அவள் பிறகு வாசற்படி இறங்கவில்லை.

ஆறாவது வாரம் அக்கா மகள் போன் செய்தாள். “தலையெல்லாம் ஒரே சிக்கு சித்தி. எனக்கு வேலைக்கு ஓடவே நேரம் சரியா இருக்கு. கோவிச்சுக்காதீங்க, ஒட்ட வெட்டிட்டேன்.”

“முடிதானே, பரவாயில்லடி,” என்று வைத்துவிட்டு அவள் கண்ணைத் துடைத்தாள். அதற்கு மேல் அவருக்குத் தாங்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னார்.

அவள் சுவரோரம் சாத்தியிருந்த மடக்கு நாற்காலியைப் பார்த்தாள்.

“ரெண்டு மாடி இறங்கி வந்து என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நடக்கறவ நான்தானே?”

அதை அலுவலகத்தைப் பார்த்துச் சொன்னாளா, தன்னைப் பார்த்துச் சொன்னாளா என்று அவருக்குப் பிடிபடவில்லை.