பார்லிமெண்டு வாசலில் பத்து வயது

பள்ளிக்கூடத்துக் காகிதத்தில் பத்து வயதும், பெற்றவள் கணக்கில் ஒன்பது வயதும் உள்ள ஒரு பெண்ணுக்கு உண்மையில் வயது எத்தனை? டில்லிக்குப் போய்விட்டு வந்து ஒரு மாதமாகிறது. எனக்கு இன்னும் தெரியவில்லை.

அறுபத்தாறாம் ஆண்டு ஏப்ரல் கடைசியில், ஒரு சனிக்கிழமை காலை ஆறு மணி பஸ்ஸில் செஞ்சியை விட்டோம். நான், கடைவீதியில் மளிகைக் கடை வைத்திருக்கும் என் வீட்டுக்காரர், ஐந்தாம் வகுப்பு முடித்த மகள் வசந்தா, நாலரை வயது மகன் குமார். திண்டிவனம் இருபத்தெட்டு கிலோமீட்டர். அங்கிருந்து ரயிலில் சென்னை. அன்றே சென்ட்ரலில் டில்லி வண்டி. நாக்பூரில் ஆரஞ்சு டஜன் ஒரு ரூபாய். வாங்கினோம், புளிப்பு. வெயிலில் ஜன்னல் கம்பியைத் தொட முடியவில்லை. குமாருக்குச் சூடு பிடிக்குமோ என்று ஈரத்துணியைத் தலையில் போட்டேன். பிறகு சளி பிடிக்குமோ என்று எடுத்தேன்.

திங்கட்கிழமை காலை ஸ்டேஷனுக்கு என் கணவரின் அண்ணன் வந்திருந்தார். அங்கே சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா. எங்கள் தொகுதி மெம்பரிடம் சொல்லிப் பார்லிமெண்டுக்கு இரண்டு பாஸ் வாங்கியிருந்தார். பத்து வயது ஆகாத பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள் என்று முன்பே எழுதியிருந்ததால், வசந்தாவின் வயதுச் சான்றைப் பள்ளியில் வாங்கி வைத்திருந்தேன்.

அந்தச் சான்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். வசந்தா கார்த்திகையில் பிறந்தவள். ஐந்து முடியாமல் ஒன்றாம் வகுப்பில் சேர்க்க முடியாதென்பதால், தலைமை ஆசிரியரே எட்டு மாதம் முன்தள்ளி ஏப்ரல் முதல் தேதி என்று எழுதிக்கொண்டார். எங்கள் பக்கத்தில் இதை யாரும் பொய்யாக நினைப்பதில்லை. அவள் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் ஏப்ரலிலும் மேயிலும் பிறந்தவர்கள்தாம்.

செவ்வாய் காலை பத்து மணிக்குக் குதிரை வண்டியில் போய் இறங்கினோம். வாடகை ஒன்றரை ரூபாய். பாடப்புத்தகத்தில் உள்ளங்கை அளவு இருந்த வட்டக் கட்டடம், கிட்டே போனால் கண்ணுக்கு அடங்கவில்லை. வசந்தா தூண்களை எண்ணத் தொடங்கினாள். வளைவில் தூண்கள் மறைந்துகொண்டே போனதால் நாற்பதோடு விட்டுவிட்டாள். குமாரைத் தகப்பனாரும் பெரியப்பாவும் வெளியே புல்தரையில் வைத்துக்கொண்டார்கள்.

வாசலில் சோதித்த காவலர் பாலக்காட்டுக்காரர், தமிழ் பேசினார். என் கைப்பையையும் குடையையும் வாங்கி வைத்துக்கொண்டு, என்னை விட்டுவிட்டு அவளைக் கேட்டார்.

"பாப்பா, வயசு என்ன ஆச்சு?"

வசந்தா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"பள்ளிக்கூடத்துல பத்து" என்றாள்.

"அப்போ வீட்டிலே?"

நான் சான்றை நீட்டினேன். அவர் சாவகாசமாகப் படித்தார். பின்னால் வரிசை நின்றது. அவ்வளவு தூரம் வந்து திருப்பி அனுப்பிவிடுவாரோ என்றும், உள்ளதைச் சொல்லிவிடலாமா என்றும் ஒரே நேரத்தில் தோன்றியது. சொல்லவில்லை.

"கடுதாசி பத்துன்னா நமக்கும் பத்துதான். உள்ளே போய்ப் பேசப்படாது" என்று விட்டுவிட்டார்.

பார்வையாளர் மாடத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். கீழே பச்சை விரிப்பு, பச்சை இருக்கைகள். இங்கிலீஷிலும் இந்தியிலும் பேசினார்கள். கோதுமையைப் பற்றி என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. உறுப்பினர்கள் உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் சபாநாயகர் இருக்கையை நோக்கித் தலை குனிந்தார்கள். கோபமாகச் சண்டை போட்டவர்கூடப் போகும்போது குனிந்துவிட்டுத்தான் போனார். வசந்தா கண்கொட்டாமல் பார்த்தாள். நான்தான் எதையும் சரியாகப் பார்க்கவில்லை. யாராவது வந்து தோளைத் தொடுவார்கள் என்றே இருந்தது.

வெளியே வந்ததும் வசந்தா தகப்பனாரிடம் ஓடிப் பச்சை விரிப்பைப் பற்றியெல்லாம் சொன்னாள். பிறகு என்னிடம் வந்து, மெதுவாகக் கேட்டாள்.

"யம்மா, நெசத்துல எனக்கு ஒம்பதுதானே? சட்டம் போடுற எடத்துல பொய் சொல்லிட்டமா?"

"இன்னா பொய்யி? ஊரே அப்டித்தான் எழுதுது. உன் நைனா, எனக்கே ரெண்டு பொறந்தநாளு, தெரியுமா?" என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. நான் சான்றை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தேன்.

டில்லி அகலமான ஊர். சாலைகளில் மரங்கள் ஒழுங்காக நிற்கின்றன. எங்கள் கடைவீதியைப் போல இடித்துக்கொண்டு நடக்க வேண்டியதில்லை. வெயிலும் எங்கள் ஊர் வெயில்தான், புழுக்கம் மட்டும் இல்லை. மற்றபடி நன்றாகச் சுற்றிப் பார்த்து, எட்டாம் நாள் ஊர் திரும்பினோம்.

வரும் ஜூனில் குமாரைப் பள்ளியில் சேர்க்க வேண்டும். அவன் ஐப்பசியில் பிறந்தவன். நாலு மாதம் குறைகிறது. தலைமை ஆசிரியர் பேனாவைத் திறந்துகொண்டு, "இன்னா தேதி போடட்டும்மா?" என்பார். உள்ளதைச் சொன்னால், தெருப் பிள்ளைகளெல்லாம் போன பிறகு அவன் மட்டும் ஒரு வருடம் வீட்டில் இருப்பான். நானும் வருகிறேன் என்று வசந்தா இப்போதே சொல்லிவிட்டாள். அவள் பக்கத்தில் நிற்கும்போது நான் எந்தத் தேதியைச் சொல்லட்டும்? பிள்ளைகளை வளர்த்தவர்கள் யாராவது இந்தப் பத்திரிகைக்கு எழுதினால் உதவியாக இருக்கும். பள்ளி திறக்கப் பத்து நாள்தான் இருக்கிறது.