பரீட்சைக்கு வளர்த்த சொத்தைப் பல்

கூடப் படித்தவர்கள் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தொண்ணூத்தேழு என்றுதான் கூப்பிடுவார்கள். பல் டாக்டர் படிப்பில் இரண்டாம் வருஷம், மெஷினில் அவள் வாங்கிய மார்க் அது. அதற்கு மேல் அந்தக் கல்லூரியில் யாரும் வாங்கவில்லை.

பல் குடைந்து பழகுகிற அறையில் இருபது மெஷின்கள் வரிசையாக நிற்கும். ஆளும் கிடையாது, வாயும் கிடையாது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தால் உள்ளே ஒரு பல் மட்டும் தெரியும். கையில் பேனா மாதிரி ஒரு கருவி. வலது காலால் மிதித்தால் குடைகிற சத்தம் வரும். பல்லைத் தொட்டால் கை நிஜமாகவே அதிரும். சொத்தையை மட்டும் எடுக்க வேண்டும். நல்ல இடத்தைத் தொட்டால் மார்க் போய்விடும். தொட்டே விட்டால்? அதற்கும் வழி வைத்திருந்தார்கள். இடது பக்கம் இன்னொரு மிதி இருந்தது. அதை ஒரு தட்டு தட்டினால் போதும், குடைந்த பல் ஒன்றுமே நடக்காத மாதிரி முழுசாக வந்து நிற்கும். பெற்ற தாய்கூட அவ்வளவு சுலபமாக மன்னிக்க மாட்டாள்.

எல்லோரும் அந்த இடது மிதியை மிதித்தார்கள். இவள் மிதித்த அளவுக்கு யாரும் மிதிக்கவில்லை. குடைவாள், பிசகும், தட்டுவாள், மறுபடி குடைவாள். ஒரு நாளைக்கு நூறு தடவை. கடைசியில் வருகிற பல்லுக்குத்தானே மார்க். நாளாக ஆக, பிசகியது மனசுக்குத் தெரிவதற்கு முன்னால் காலுக்குத் தெரிந்துவிடும்.

அவள் அப்படி வெறி பிடித்தவள் மாதிரி உழைத்ததற்குக் காரணம் துறைத் தலைவர். தினமும் வகுப்பு முடியும்போது எல்லோருடைய மார்க்கையும் சுவரில் பெரிய திரையில் போடுவார். கடைசியில் நிற்கிறவரை எழுப்பி நிற்க வைப்பார்.

"நாப்பத்தொண்ணு, எழுந்திரு. உன் கையில கடப்பாரையக் குடுத்தா ரோடாவது போடலாம். பல்லுக்கு ஏம்மா வந்த?"

அந்த நாற்பத்தொன்று முதலில் இவள்தான். வகுப்பே சிரித்தது. அன்றைக்குப் பட்ட அவமானத்தில் ஏறியதுதான் தொண்ணூற்றேழு.

கடைசி வருஷப் பரீட்சை மெஷினில் இல்லை, நிஜ வாயில். நோயாளியை மாணவர்தான் கூட்டிக்கொண்டு வர வேண்டும். அந்தக் கல்லூரியில் எப்போதும் அப்படித்தான். சொத்தை சரியான அளவில் இருக்க வேண்டும். சின்னதாக இருந்தால் செல்லாது, வேர் வரை போயிருந்தாலும் செல்லாது. ஆள் கிடைக்காவிட்டால் அடுத்த வருஷம் சின்னப் பிள்ளைகளோடு உட்கார வேண்டியதுதான். அதனால் நல்ல சொத்தை கண்ணில் பட்டால் அதை அடைக்க விடாமல் காவல் காப்பார்கள். இவளுக்கு அது வீட்டிலேயே கிடைத்தது. அம்மாவின் கீழ்க் கடைவாய்ப் பல்லில்.

"அம்மா, அத அடைச்சிடாத. எனக்குப் பரீட்சைக்கு வேணும்."

"பரீட்சை எப்போ?"

"நாலு மாசம்."

"நல்லாருக்குடி. அவனவன் வீட்ல பூச்செடி வளர்ப்பான். நான் உனக்காகச் சொத்தை வளர்க்கணுமாக்கும்!" என்று சிரித்தாள் அம்மா.

அம்மா பெரிய பஸ் நிலையத்தில் மைக்கில் பேசுகிறவள். எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எது கிளம்பப் போகிறது என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை சொல்ல வேண்டும். அத்தனை இரைச்சலிலும் அவள் சொல்வது ஒவ்வொரு எழுத்தாகக் காதில் விழும். புருஷன் போன பிறகு மகளை வளர்த்தது அந்தக் குரல்தான்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் மகள் சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்ப்பாள். சொத்தை ஆழமாகிவிட்டதா என்றுதான் பார்ப்பாள். வலிக்கிறதா என்று கேட்டதில்லை. மூன்றாவது மாதம் அம்மாவே சொன்னாள்.

"கண்ணு, முடியலடி. மாத்திரை போட்டுத்தான் மைக் முன்னாடி உட்கார்றேன். அடைச்சிடறேனே."

"இப்ப அடைச்சா என் ஒரு வருஷம் போச்சும்மா. மறுபடி வகுப்புல அந்த ஆளு வாயில நான் விழணும். ஒரு மாசம் தாங்கக் கூடாதா?"

"சரிடி தாயே. அந்தாளு வாயில நீ விழ வேணாம். உன் வாயில நான் விழறேன்."

பரீட்சை அன்றைக்கு அம்மா இருப்பதில் நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு வந்து நாற்காலியில் சாய்ந்தாள். அந்தப் பக்கமாக வந்த துறைத் தலைவர் எட்டிப் பார்த்தார்.

"பெத்த அம்மாவையே கூட்டிட்டு வந்துட்டியா? வேற ஒரு ஆளும் உன்னை நம்பலையா?"

ஊசி போட்டதும் பல்லோடு பாதி நாக்கும் மரத்துப்போனது. மகள் குடைய ஆரம்பித்தாள். கை அவ்வளவு நன்றாகத்தான் போனது. சொத்தை முக்கால்வாசி வந்தபோது, ஒரு மயிரிழை, பக்கத்துப் பல்லில் உரசியது. அவ்வளவுதான். இடது கால் தானாகப் போய்த் தட்டியது.

அந்த நாற்காலிக்கு அடியிலும் இடது பக்கம் ஒரு மிதி இருந்தது. அது சாய்ந்திருக்கிற ஆளை நிமிர்த்தி உட்கார வைக்கிற மிதி. நாற்காலி உறுமிக்கொண்டு எழுந்தது. அம்மாவின் தலை கருவியை நோக்கி வந்தது. பதற்றத்தில் மகளின் வலது கால் இன்னும் அழுத்தியது. நாக்கின் ஓரம் கிழிந்தது.

அம்மாவுக்குத் தெரியவே இல்லை. மரத்துப்போயிருந்ததே. மகளின் முகத்தைப் பார்த்து "என்னடி?" என்று கேட்டாள். கேட்ட வாயிலிருந்து ரத்தம் புடவையில் கொட்டியது.

அறுவை டாக்டர் ஓடி வந்து, பல்லில் தாற்காலிகமாக எதையோ அடைத்து நாக்கைத் தைக்க ஆயத்தமானார். துறைத் தலைவர் கையைக் காட்டி நிறுத்தினார். "ஒரு நிமிஷம். அடைச்சதை எடுங்க. பல்லை ஸ்கேன் பண்ணிட்டுத் தைங்க." படம் பிடிக்கிற கோலை ரத்தத்தைத் துடைத்துத் துடைத்து உள்ளே விட்டார்கள். பல் திரையில் பெரிதாக வந்தது. கணக்குப் போட்டது மெஷின்தான்.

"பக்கத்துப் பல்லுல ஒரு கீறல். சொத்தை கொஞ்சம் மிச்சம். மத்தபடி சுத்தம். எண்பத்தாறு. பாஸ்."

"சார், நாக்கு..." என்றான் ஒருவன்.

"மார்க்கு பல்லுக்குத்தான்டா. நாக்கு நம்ம டிபார்ட்மென்ட் இல்ல."

சிரித்தார்கள். சிரிக்கவில்லை என்று இப்போது சொல்கிறவர்களும் அன்றைக்குச் சிரித்தார்கள்.

ஆறு தையல். பக்கத்து அறையில் வாய் நிறையப் பஞ்சோடு படுத்திருந்த அம்மாவிடம் மகள் ஓடினாள். அவள் சொன்ன முதல் வார்த்தை, "அம்மா, எண்பத்தாறு! பாஸாயிட்டேன்." அழுதுகொண்டேதான் சொன்னேன் என்று பிறகு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டாள். அழவில்லை. முகம் விளக்கு ஏற்றிய மாதிரி இருந்தது. அதை அம்மா பார்த்தாள்.

புண் ஆறியது, நாக்கு பழையபடி ஆகவில்லை. ஓரம் தடித்து, உணர்ச்சி இல்லாமல் நின்றுவிட்டது. மைக்கில் 'ர' வராது, 'ட' வராது, 'ழ' வராது. "மைக்ல யாருப்பா, தண்ணி போட்டுட்டுப் பேசறது?" என்று பயணிகள் கத்தினார்கள். ஏழாம் மேடை என்று அவள் சொன்னதைத் தப்பாகக் கேட்டு ஏறியவர்கள் வேறு ஊருக்குப் போய் இறங்கினார்கள். ஒரு மாதம் பார்த்தார் மேலாளர். பிறகு, பயணிகள் தவறவிட்ட குடையும் பையும் வைக்கிற அறையில் கொண்டுபோய் அவளை உட்கார வைத்தார். அங்கே யாரிடமும் எதுவும் பேச வேண்டியதில்லை.

மகள் டாக்டரானாள். அதே கல்லூரியில், அதே மெஷின் அறையில் சொல்லிக்கொடுக்கச் சேர்ந்தாள். முதல் நாளே ஒவ்வொருவரின் இடது காலையும் பேண்டேஜ் துணியால் ஸ்டூலோடு சேர்த்துக் கட்டினாள். அவிழ்த்தவர்களை அன்றைக்கு முழுக்க நிற்க வைத்தாள். ரத்தம் கட்டியதென்று புகார் எழுதியவள் மூன்று தடவை பெயிலானாள். துறைத் தலைவர் அதைப் பெருமையாகச் சொல்வார்: "என்னையே மிஞ்சிட்டா."

வீட்டில் அம்மா நாக்கைப் பற்றி ஒரு நாளும் குறை சொன்னதில்லை. சாப்பாடு போடுவாள், துணி மடித்து வைப்பாள். மகளோடு பேச மட்டும் மாட்டாள்.

மூன்று வருஷம் கழித்து அம்மாவுக்கு மேல் பல்லில் வலி வந்தது. "வாம்மா, நானே பாக்கறேன்" என்றாள் மகள். அம்மா துணி மடிக்கப் போய்விட்டாள். ஒரு திங்கட்கிழமை அம்மா தானாகக் கல்லூரிக்குப் போய், சீட்டு வாங்கி, வரிசையில் உட்கார்ந்து, முகம் தெரியாத ஒரு மாணவியின் நாற்காலியில் சாய்ந்தாள். அங்கே ஒரு விதி உண்டு. குடைவதற்கு முன்னால் வாயை ஆசிரியர் பார்த்து, நோயாளியின் அட்டையில் கையெழுத்துப் போட வேண்டும். அன்றைக்கு அந்த வரிசைக்கு ஆசிரியர் மகள்தான்.

"மேடம் பாக்கணும்மா. வாயத் திறங்க" என்றாள் மாணவி.

அம்மா திறக்கவில்லை.

"ஒரு நிமிஷம்தான்மா. திறங்க."

"அவ போகத்தும்" என்றாள் அம்மா, பல்லுக்கு நடுவிலிருந்து. போகட்டும் என்றுதான் சொன்னாள், நாக்கு ஒத்துழைக்கவில்லை.

"அம்மா, நான்தான்..." என்று மகள் குனிந்தாள்.

"தெதியும். அதனாலதான்."

பக்கத்து நாற்காலிகளில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். 'கால் கட்டி மேடம்' என்று அவர்கள் பெயர் வைத்திருந்தவள் வாங்கிக் கட்டிக்கொள்வதை ஒருவரும் தவற விடவில்லை. மகள் அட்டையை வாங்கி, பார்த்தாயிற்று என்று பார்க்காமலே எழுதி, கையெழுத்துப் போட்டாள். நான்கு அடி பின்னால் போய் நின்றாள்.

அம்மா வாயைத் திறந்தாள்.