ரெண்டு பூஜ்யத்தில் நின்ற ஆட்டம்

அத்தானை வீட்டுக்குள் இருத்தவேண்டும். அக்கா என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

எல்லைப் போராட்டம் நடந்த வருஷங்கள். எங்கள் தாலூக்கா மலையாளச் சீமையை விட்டுத் தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று ஒரு கூட்டம், சேரக்கூடாது என்று இன்னொரு கூட்டம். அக்கா புருஷன் பாறசாலையில் தையல்கடை வைத்திருந்தார். சேரவேண்டும் என்றவர்களின் ஊர்வலத்தில் முன்னால் நடந்தார். சந்தை முக்கில் ஏறி நின்று பேசவும் செய்தார். மறுநாள் போலீஸ்காரர் கடைக்கு வந்து, "தையல்காரன் எவிடே?" என்று கேட்டார்கள். அதற்கு முன்னால் பிடிபட்ட ஒருவர் விலா எலும்பு உடைந்து திரும்பி வந்திருந்தார். அக்கா மாசமாக இருந்தாள். முதல் பிள்ளை வயிற்றிலேயே போனது. இது இரண்டாவது.

என் வீடு குன்னத்துகாலில், ரோட்டை விட்டு உள்ளே, மரச்சீனிக்கிழங்கு விளைக்கு நடுவில். இரண்டுபேரும் அங்கே வந்துவிட்டார்கள்.

"பிள்ளை பிறக்கது வர இவரு வெளிய இறங்கப்பிடாது. நீ பாத்துக்கோ" என்றாள் அக்கா.

எனக்குப் பேச வராது. அத்தானுக்குப் பேசாமல் இருக்க வராது. எப்படிப் பிடித்து வைப்பேன்?

மழைக்காலம், செங்கல் சூளையில் வேலை இல்லை. ஒரு பலகையில் கரியால் கட்டம் வரைந்தேன். சூளைமண்ணில் காய் பிடித்து அடுப்பில் சுட்டேன். சதுரங்கம் இரண்டுபேருக்கும் தெரியும். ஆனால் எங்கள் பக்கத்துச் சதுரங்கம். மூலையில் தேர், அடுத்து குதிரை, அடுத்து ஆனை, நடுவில் ராஜாவும் மந்திரியும். முன்னால் நிற்கிற ஆள் எப்போதும் ஒரு வீடுதான் நகரும். ராஜா ஒரே ஒரு தடவை குதிரைபோலத் தாண்டலாம்.

அத்தான் என்னை வேகவேகமாகத் தோற்கடித்தார். "எலே, உன்கூட களிக்கதும் செவத்துகூட களிக்கதும் ஒண்ணாக்கும்" என்றார். பிறகு பலகையைத் தள்ளிவிட்டு வாசலைப் பார்க்க ஆரம்பித்தார்.

"என் பொறத்தால நடந்தவனெல்லாம் அடி வாங்குதான். நான் எலி மாதிரி பொந்துக்குள்ள இருக்கேன். நாளைக்கு எந்த முகத்த வச்சிட்டு முக்குல நிக்க?"

அக்கா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

அவளுக்கு ஜெபம்பண்ண எங்கள் சபை உபதேசியார் வந்தார். பலகையைப் பார்த்தார். முன்பு இருந்த வெள்ளைக்கார மிஷனரி விட்டுப்போன பெட்டியில் இப்படிக் கட்டம் போட்ட புத்தகம் ஒன்று கிடக்கிறது என்றார். அடுத்தமுறை வரும்போது கொண்டுவந்தார். அட்டையைக் கரையான் தின்றிருந்தது.

"உள்ள முழுக்க கணக்கு மாதிரி இருக்கு. எனக்கு ஒண்ணும் விளங்கல்ல. நீங்க வச்சிடுங்கோ."

செத்துப்போன பழைய ஆட்டக்காரர்களின் ஆட்டங்கள். காயை நகர்த்துகிற ஒவ்வொரு நீக்கமும் இங்கிலீஷ் எழுத்தில் இருந்தது. அத்தான் நாலாம் பாரம் படித்தவர். நான் மூணாங்கிளாஸ். பைபிள் வாசிப்பேன், அவ்வளவுதான். எனக்கு இன்றைக்குத் தெரிந்த இங்கிலீஷ் எழுத்தெல்லாம் அந்தப் புத்தகத்தில் கிடைத்தது. கே என்றால் ராஜா. க்யூ என்றால் ராணி, அது நம்ம மந்திரி. ஆனைக்கு அவர்கள் வைத்த பெயர் பிஷப்.

"பிஷப்பு எதுக்கு யுத்தத்துக்கு வாறாரு?" என்று கேட்டேன்.

"காணிக்கை பிரிக்கதுக்காக்கும். ஆனையை நவுத்துல."

முதல் நீக்கத்திலேயே ஆள் இரண்டு வீடு பாய்ந்தது. தப்பு என்றேன். எதிராளியும் அப்படியே பாய்ந்தான். "ரெண்டுபேரும் செய்தா அது தப்பில்ல, சட்டமாக்கும்" என்றார் அத்தான்.

வெள்ளைக்காய்க்காரன் ஒரு ஆனையைக் கொடுத்தான். பிறகு ஒரு தேர். பிறகு இன்னொரு தேர். வரி மாறிவிட்டதோ என்று அத்தான் புத்தகத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். மாறவில்லை. கடைசியில் அவன் மந்திரியையே கொண்டுபோய்க் கறுப்புக் குதிரைக்கு முன்னால் வைத்தான். குதிரை வெட்டியது. இனி அவனிடம் உருப்படியாக இரண்டு குதிரையும் ஒரு ஆனையும்தான். அந்த ஆனையை ஒரு வீடு நகர்த்தினான். கறுப்பு ராஜாவுக்குப் போக இடமில்லை. அவனைச் சுற்றி அவன் காய்கள் அப்படியே நின்றன, ஒன்றுக்கும் ஆகாமல்.

அத்தான் வெட்டுப்பட்ட வெள்ளைக்காய்களை எண்ணிப் பார்த்தார். ஓட்டில் மழை விழுந்துகொண்டிருந்தது.

நான் சூளை வைக்கிறவன். தீ மூட்டும் முன்பே ஒருவன் வந்து, இந்தக் கல் வேகும், இந்தக் கல் வெடித்துப் பொட்டும் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொன்னால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. அந்த மனுஷன் செத்தே எத்தனையோ காலம் ஆகியிருக்கும். ஏதோ குளிர்தேசத்தில், ஒரு மேசைக்கு முன்னால் இருந்து அவன் நினைத்த நினைப்பு. எங்கள் மண்காயில் அது மறுபடி நடந்தது. ஆனையை நகர்த்தியது என் விரல். ஆனால் அது அவன் கை. நான் என் கையை முண்டில் துடைத்துக்கொண்டேன்.

அத்தான் எழுந்து சட்டையை எடுத்தார்.

"பாத்தியால? எல்லாத்தையும் கொடுத்தான். ஒளிச்சானா? அவன் ராஜா வெளியதான் நிக்கான், பாரு."

பிடித்து வைக்க வந்த புத்தகமே அவரை வெளியே தள்ளியது. அடுப்படியிலிருந்து அக்கா என்னைப் பார்த்தாள்.

"அடுத்ததும் பாத்துட்டுப் போங்க அத்தான்" என்றேன்.

சட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அடுத்த ஆட்டம் ஆறேழு நீக்கம் ஒழுங்காகப் போயிற்று. அப்புறம் காயின் பெயரும் இல்லை, வீட்டின் பெயரும் இல்லை. ரெண்டு பூஜ்யம், நடுவில் ஒரு கோடு. அந்த முறை அவன் சும்மா இருந்திருப்பான் என்று நினைத்துக் கடந்துபோனோம். கொஞ்சம் தள்ளி, தேரை ராஜாவின் வீட்டுக்குக் கொண்டுபோ என்றது புத்தகம். ராஜா அங்கேதான் நின்றான்.

"அச்சடிச்ச பய கள்ளு குடிச்சிருக்கான்" என்றார் அத்தான்.

அதற்கு அடுத்த ஆட்டத்திலும் ரெண்டு பூஜ்யம். அதிலும் தேர் ராஜாவின் வீட்டுக்குப் போகச் சொன்னது. எங்கள் வழக்கப்படி ராஜாவைக் குதிரைபோலத் தாண்டவைத்துப் பார்த்தோம். தாண்டிப் போகக்கூடிய வீட்டிலெல்லாம் அவனுடைய காயே நின்றது. அத்தான் சட்டையை ஆணியில் மாட்டினார். நாட்கள் போயின. கஞ்சி குடிக்கும்போதும் பலகையைத்தான் பார்த்தார். அக்கா என் தட்டில் மீன் கூடுதலாக வைத்தாள்.

அப்போது ஒரு சனிக்கிழமை, குடை பிடித்துக்கொண்டு ஒருவர் வந்தார். அத்தானோடு ஊர்வலத்தில் நடந்தவர். மறுநாள் ஆராதனை முடிந்ததும் பாறசாலையில் பெரிய ஊர்வலம் என்றார்.

"முன்னால நடக்க ஆள் வேணும். நீரு வருவீரா, இல்ல வீட்டுக்காரி விடமாட்டாளா?"

"வாறேன்" என்றார் அத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சட்டை போட்டார், தலை சீவினார். அக்கா மறிக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் பார்த்தது என்னை. பலகைக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

சூளை அடுக்கும்போது, ஒரு கல் இருக்கிற இடத்தில் இன்னொரு கல் போகாது. தேர் அந்த வீட்டுக்குப் போனது நிசமென்றால் வீடு காலியாகத்தான் இருந்திருக்கும்.

"ராஜா அங்க இல்ல அத்தான்."

அவர் வாசலில் செருப்பில் கால் நுழைத்துக்கொண்டிருந்தார். "என்ன?"

"தேரு வரும்போ ராஜா அங்க இல்ல. முன்னமே போயாச்சு. அந்த ரெண்டு பூஜ்யத்துல போயிருக்கான்."

"எங்க போனான்?"

"தெரியாது."

செருப்போடு உள்ளே வந்தார். நின்றபடியே புத்தகத்தைப் புரட்டினார். ஒரு ஆட்டத்தில், ரெண்டு பூஜ்யத்துக்குப் பிறகு, ராஜாவை மூலைவீட்டுக்கு நகர்த்து என்று இருந்தது.

"ராஜா ஒரு வீடுதான் நகருவான். மூலைக்குப் போணும்னா மூலைக்குப் பக்கத்துல இருக்கணும்" என்றார். குதிரை புறப்பட்டுப்போன வீட்டில் ராஜாவைக் கொண்டு வைத்தார்.

"மூலையில தேரு நிக்குதே" என்றேன்.

இரண்டுபேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு நான் தேரைத் தூக்கி, ராஜாவைத் தாண்டி, அந்தப் பக்கத்து வீட்டில் வைத்தேன். ஒரே நீக்கத்தில் இரண்டு காய். இப்படி ஒன்றைக் கேட்டதே இல்லை. ஆனால் அதற்குப் பிறகு ஆட்டம் எங்கும் தட்டவில்லை. தேர் அந்த வீட்டுக்குப் போயிற்று. குதிரை போயிற்று. கொடுக்கவேண்டியதையெல்லாம் கொடுத்து, அவன் எதிராளியின் ராஜாவைப் போக இடமில்லாமல் கட்டினான். அவன் ராஜா மட்டும் மூன்று ஆளுக்குப் பின்னால் அசையாமல் இருந்தான்.

அத்தான் உட்கார்ந்துவிட்டார். பக்கம் பக்கமாகப் புரட்டினார். விரல் ஒவ்வொரு இடத்திலும் நின்றது. ரெண்டு பூஜ்யம். ரெண்டு பூஜ்யம். அவர் குரல் தாழ்ந்துவிட்டது.

"எலே மக்கா, முக்கால்வாசிப் பயலும் ஒளிச்சிருக்கானுவ. எவ்வளவு பெரிய ஆளுவ. ராஜாவ ஒளிச்சு வச்சிட்டு, பொறவுதான் அடிக்க இறங்குதானுவ."

அழைத்துப்போக வந்திருந்த குடைக்காரர் வெளியிலிருந்து கூப்பிட்டார். அத்தான் எழுந்துபோனார்.

"இன்னைக்கு நான் இல்ல. பிள்ளை பிறக்கட்டு."

"பயந்துட்டீரோ?"

"பயம் உண்டு. நீரு போவும்."

அன்றைக்கு முன்னால் நடந்தவர்களைப் போலீஸ் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். குடைக்காரரும் அதில் உண்டு. கேட்டபிறகு அத்தான் பலகையைத் தொடவில்லை. சரியாகச் சாப்பிடவில்லை. சில நாள் கழித்து அவரே காய்களை அடுக்கினார்.

மிச்ச ஆட்டங்களையும் ஆடினோம். ஒருவன் எதையும் கொடுக்கவில்லை, எதையும் வெட்ட அவசரப்படவில்லை. ஒரு ஆளை மட்டும் வீடுவீடாக நடத்தி அந்தக் கரையில் சேர்த்தான். இன்னொருவன் நகர்த்திய ஒரு குதிரை என்னத்துக்கு என்று பதினைந்து நீக்கம் கழித்துத்தான் தெரிந்தது. மனுஷ மண்டைக்குள் இத்தனை இடம் உண்டு என்று நான் அதுவரை நினைத்ததில்லை. ராத்திரி படுத்தால் கட்டம்தான் கண்ணில் வரும். பயமாகவும் இருக்கும், சந்தோஷமாகவும் இருக்கும். சபையில் எல்லோரும் எழுந்து பாடும்போது எனக்கு முதுகில் ஒன்று ஏறும். அதே மாதிரி.

பிள்ளை பிறந்தது. பெண். நல்ல சத்தமாக அழுதது.

அத்தான் நெய்யாற்றின்கரையில் ஒரு வக்கீலுக்கு ஆள் அனுப்பினார். தானே கோர்ட்டில் போய் நிற்கப்போவதாகச் சொன்னார். ஸ்டேஷனில் அகப்பட்டால் விலா போகும், கோர்ட்டில் போய் நின்றால் ஜெயில் மட்டும்தான் என்று வக்கீல் சொல்லியிருந்தார். அதன்படிதான் நடந்தது. ஜெயிலில் இருந்துவிட்டு முழு ஆளாகத் திரும்பி வந்தார். எல்லை களியக்காவிளையில் விழுந்தது. எங்களை மலையாளத்துப் பக்கமே விட்டுவிட்டார்கள். அது வேறு கதை.

அத்தான் கோர்ட்டுக்குப் புறப்பட்ட காலையில் மழை விட்டிருந்தது. அக்கா துவைத்துக் காயப்போட்ட சட்டையை எடுத்துக் கொடுத்தாள். அவர் பிள்ளையின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். நான் வாசலில் நின்றேன். இத்தனை நாள் காவல் இருந்த பழக்கம்.

"வழி விடுல" என்றாள் அக்கா. "இனி பிடிச்சு வைக்காண்டாம்."

நான் விலகினேன்.