கம்ப்யூட்டரைத் தொட வேண்டாம் என்றவர்

என் பழைய காருக்கு இழுவை கூட வேண்டும் என்று, விழுப்புரத்துப் பட்டறை ஒன்றில் பெட்ரோல் பீய்ச்சும் பெரிய இன்ஜெக்டர்களும், இன்ஜின் வால்வுகளைத் திறந்து மூடும் வேறு கேம் ஷாஃப்டும் போடச் சொல்லியிருந்தேன். எடுக்கப் போனபோது வண்டி திணறியது. புகையில் பெட்ரோல் நெடி அடித்தது.

"இவ்ளோ மாத்தியிருக்கீங்க. எவ்வளவு பெட்ரோல் விடணும்னு வண்டி கம்ப்யூட்டர்லயும் மாத்த வேணாமா?" என்று மெக்கானிக்கைக் கேட்டேன்.

"வேணாங்க. ஓட ஓட அதுவே கத்துக்கும். திண்டிவனம் வரைக்கும் தைரியமா ஓட்டிக்கினு போங்க."

என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். எனக்குச் சந்தேகம் கூடியது.

அப்போது நிறைமாதமாக இருந்த அவர் மனைவி வந்தார். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமாம். திண்டிவனம் போகும் என் வழிதானே என்று கதவைத் திறந்துவிட்டேன். அவர் ஒரு காலை உள்ளே வைத்ததும் மெக்கானிக் பதறி ஓடிவந்தார்.

"வேணாம், எறங்கு! நடுரோட்டுல ஆஃப் ஆயிட்டா லாரிக்காரன் ஏத்திடுவான்!"

அந்தப் பெண் இறங்கி, கணவனை நிமிர்ந்து பார்த்தார். "அப்போ இவங்க மட்டும் போலாமா?"

மெக்கானிக் என்னிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டார். "கம்ப்யூட்டர்ல ட்யூனிங் பண்ணியே ஆகணுங்க. அந்த வேலை எனக்குத் தெரியாது. பாண்டிக்கு கட்டி இழுத்துக்கினு போய் தெரிஞ்சவங்ககிட்ட பண்ணித் தர்றேன்."

நானும் அந்தப் பெண்ணும் பஸ்ஸில் சேர்ந்தே போனோம். இப்போதெல்லாம் யாராவது எனக்குத் தைரியம் சொன்னால், இதே வண்டியில் தன் வீட்டாரை ஏற்றுவாரா என்றுதான் முதலில் யோசிக்கிறேன்.