புல்வெளித் திருடி

அவ்ரிலுக்குப் பூச்செடி என்றால் பைத்தியம். அவள் கணவர் டெஸ்மண்டுக்குப் புல்வெளி என்றால் உயிர். யார்க்‌ஷயரில் ஒரு சின்னக் கொல்லைக்குள் இரண்டும் எப்படிக் காலம் தள்ளும்? ஓரத்துப் பாத்தி அவளுக்கு, நடுவிலிருக்கும் புல் அவருக்கு என்று குடிவந்த அன்றே பேசி முடித்தார்கள். அந்தப் பேச்சை அவ்ரில் ஒரு வருஷம்கூடக் காப்பாற்றவில்லை.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. பியோனி, ஃபிளாக்ஸ் மாதிரிப் பூச்செடிகளெல்லாம் குளிரில் மண்ணோடு மடிந்து, வசந்தத்தில் முன்னைவிடப் பெருத்து எழுந்துவருகிற சாதி. தூர் பெருத்தால் தோண்டிப் பிளந்து நட வேண்டும். விட்டால் நெருக்கத்தில் பூவே குறைந்துபோகும். பிளந்த பாதியை எங்கே வைப்பது? அக்கம்பக்கத்தார் வாங்கி வாங்கி அலுத்து, அவள் வாளியோடு வருவதைப் பார்த்தாலே கதவைச் சாத்தினார்கள். உயிருள்ளதைக் குப்பையில் போட அவளுக்கு மனசு வராது. அதனால் ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும், பாத்தி ஓரத்தைச் சீராக்குகிற சாக்கில் புல் விளிம்பு வெட்டுகிற பிறைமண்வெட்டியால் ஒரு சாண் புல்லை விழுங்கிவிடுவாள்.

அடுத்த முறை புல் வெட்டும்போது டெஸ்மண்ட் கண்டுபிடித்துவிடுவார்.

"அடியே திருடி! மறுபடியும் கை வச்சிட்டியா? மெஷினைத் திருப்பவே இடமில்ல!"

"மெஷின் பெருத்துப்போச்சோ என்னவோ, உன்னை மாதிரி."

"நான் செத்தா என் மேலயும் செடி நட்டுடுவே."

"இடமிருந்தா பாக்கலாம்."

வருஷா வருஷம் இந்தச் சண்டைக்காகவே அவள் வெட்டினாள் என்று சொன்னாலும் தப்பில்லை.

பிறகு டெஸ்மண்டுக்கு மறதி நோய் வந்தது. முதலில் மெஷினை எப்படி முடுக்குவது என்று மறந்தார், அப்புறம் மகளின் பெயரை. இப்போது பகலெல்லாம் சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். கூலிக்கு வருகிறவன் புல்லை ஏனோதானோவென்று வெட்டிப் போகிறான். போன வருஷம் அவ்ரில் திருடிய ஒரு சாண் புல்லை யாரும் கேட்கவில்லை. அது அவளை வாட்டி எடுத்தது.

அவருக்குக் கோபம் வருகிற மாதிரி எதுவும் செய்யாதீர்கள் என்று அவரைப் பார்க்க வீட்டுக்கு வருகிற நர்ஸ் சொல்லியிருந்தாள். அவ்ரிலுக்கோ அந்தக் கோபம்தான் வேண்டியிருந்தது. திருடி என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டால் போதும். இந்த இலையுதிர் காலத்தில் அவள் சாணோடு நிற்கவில்லை. ஜன்னலுக்கு நேரே, புல்வெளியின் நட்டநடுவரை வெட்டிக்கொண்டே போனாள். இடுப்பு விட்டுப்போயிற்று. பிளந்த தூர்களை வரிசையாக நட்டுவிட்டு, அவருக்குக் கோட்டை மாட்டிக் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தாள்.

டெஸ்மண்ட் கறுத்த மண்ணையே வெகுநேரம் பார்த்தார். அவர் நெற்றி சுருங்கியது.

"நல்லா வேலை செஞ்சிருக்கீங்க. ஆனா இவ்வளவு புல்லையும் எடுத்துட்டீங்களே," என்றார் மரியாதையாக. "உங்க வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்ல மாட்டாரா?"

அவ்ரில் குனிந்து, அவர் கோட்டில் விட்டுப்போன பித்தானைப் போட்டுவிட்டாள்.

"சொல்லுவாருங்க," என்றாள். "சும்மா விடமாட்டாரு."