அக்காவின் தும்மல்

எங்கள் வீட்டுக்கு மூன்று பக்கமும் மக்காச்சோளக் கொல்லை. சோளம் பூக்கிற மாதம் வந்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பூவின்மேல் எனக்கென்ன கோபம்? கோபமெல்லாம் அக்காமேல்தான். ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்த அவள் காலையில் எழுந்ததும் வரிசையாகப் பத்துப் பதினைந்து தும்மல் போடுவாள். மூக்கு ஒழுகும், கண் சிவக்கும். கல்வராயன் மலைப் பக்கமிருந்து காற்று அடித்துவிட்டால் நெஞ்சில் விசில் சத்தம் வேறு. உடனே வீட்டுச் சட்டமெல்லாம் மாறிவிடும். சன்னலைத் திறக்கக்கூடாது. துணியை வெளியே காயப்போடக்கூடாது. அக்கா வாசல் பெருக்கக்கூடாது, மாட்டுக்குப் புல் அறுக்கக்கூடாது. அப்படியானால் யார் அறுப்பது? நாலாவது படித்த நான்தான்.

சோளப்பூவிலிருந்து பறக்கிற தூள் அவளுக்கு அலர்ஜி, அது ஆஸ்துமாவைக் கிளப்பிவிடும் என்று கள்ளக்குறிச்சி டாக்டர் சொல்லி, நீல நிற இன்ஹேலர் ஒன்றும் எழுதிக் கொடுத்திருந்தார். பக்கத்து வீட்டுப் பெரியம்மா டாக்டரை நம்பவில்லை.

"இன்னாடி இது அதிசயம்! நாங்கல்லாம் இந்தக் கொல்லையிலதான் பொரண்டு வளந்தோம். எங்களுக்கு வராத தும்மலு இவளுக்கு மட்டும் எங்கேர்ந்து வருது? எல்லாம் வேலைக்கு டிமிக்கி" என்றாள். அது எனக்கு வேதவாக்காகிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா என்னை இரண்டாம் முறையாகப் புல்லுக்கு அனுப்பினாள். அக்காவோ உள்ளே காலை நீட்டிப் படுத்துக் கதைப்புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுமை போய்விட்டது. திரும்பும்போது ஒரு சோளத்தட்டையை வளைத்து, உச்சியிலிருந்த பூவை ஒடித்துப் பாவாடையில் மறைத்துக்கொண்டு வந்தேன். அக்கா குளிக்கப் போன நேரம் பார்த்து அவள் தலையணைமேல் உதறிக் கையால் தேய்த்துவிட்டேன். பூ இருப்பது தெரியாவிட்டால் தும்ம மாட்டாள், நடிப்பின் சாயம் வெளுத்துவிடும் என்பது என் எண்ணம்.

குளித்துவிட்டு வந்து அக்கா படுத்த கொஞ்ச நேரத்தில் தும்மல் ஆரம்பித்தது. பிறகு அதுவும் நின்று, கட்டில் விளிம்பைப் பிடித்தபடி எழுந்து உட்கார்ந்தாள். தோள்கள் ஏறி ஏறி இறங்கின. பேச வாய் திறந்தாள், சத்தம் வரவில்லை. இன்ஹேலரை இழுத்தும் அடங்கவில்லை. அவளைத் தூக்கப்போன அம்மா தலையணையைப் பார்த்தாள். ஆனால் கேட்க நேரமில்லை. அப்பா வண்டியை எடுத்தார். பின்னால் அக்காவைப் பிடித்துக்கொண்டு அம்மா, டேங்க்மேல் நான். சங்கராபுரம் போகும்வரை அக்கா இழுத்த மூச்சு எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஆஸ்பத்திரியில் முகமூடி வைத்து மருந்துப் புகையை இழுக்கவைத்த பிறகுதான் அவளுக்குப் பேச்சு திரும்பியது. அம்மா அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"தலகாணி பூரா மஞ்சத்தூளு. எப்டிடி வந்துச்சு?"

அக்கா என்னைப் பார்த்தாள். என் பாவாடையில் தூள் அப்படியே ஒட்டியிருந்தது.

"நாந்தாம்மா கொல்லைக்குப் போனேன். சும்மா பாக்கலாம்னு பூவ ஒடச்சாந்தேன்" என்றாள் அக்கா.

"ஒனக்குப் புத்தி கித்தி இருக்குதா? எதுனா ஆயிருந்தா நான் இன்னாடி பண்ணுவேன்?"

வீடு வந்து சேரும்வரை அம்மா திட்டிக்கொண்டே வந்தாள்.

டேங்க்மேல் உட்கார்ந்திருந்த எனக்கு ஒரே குழப்பம். மூச்சு முட்டியதில் அவளுக்கு ஞாபகம் பிசகிவிட்டது, அதனால்தான் போகாத கொல்லைக்குப் போனதாகச் சொல்கிறாள் என்று கடைசியில் முடிவு செய்தேன். ஒன்பதாவது படிக்கிறாள், காலையில் எங்கே போனோம் என்பதுகூட நினைவில்லையே என்று அவள்மேல் எரிச்சல்கூட வந்தது.