ஒத்துப்போன இரண்டு விடைகள்

சுனாமிக்கு அடுத்த வருடம், கல்முனைப் பக்கத்தில் எங்கள் ஊரில் தொடங்கிய கதை இது. கடலோடு போய்ச் சேரும் தோணா என்ற நீரோடையின் மேலிருந்த மரப்பாலத்தை அலை அள்ளிக்கொண்டு போயிருந்தது. எங்கள் வீடு இந்தக் கரை. பாடசாலையும் பள்ளிவாசலும் இறந்தவர்களை அடக்கும் மையவாடியும் அந்தக் கரை. பிள்ளைகள் பிரதான வீதியால் சுற்றிப் போய்க் களைத்தார்கள். தற்காலிகமாக ஓர் இரும்பு நடைபாலம் போட்டுத் தர நிவாரண அமைப்பொன்று முன்வந்தது. நான் அப்போதுதான் பொறியியல் படித்து முடித்திருந்தேன். வரைபடமும் கணக்கும் என் தலையில் விழுந்தன என்று சொல்லிக்கொள்வேன். உண்மையில் நானேதான் கேட்டு வாங்கினேன்.

சோதனைச் சாவடிகளைத் தாண்டி ஒவ்வோர் இரும்பும் வந்து சேர்வதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். அதனால் ஒரு துண்டுகூட வீணாகாமல் வடிவமைத்தேன். பாலம் ஒடுக்கமானது, ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக, இடைவெளி விட்டுத்தான் நடப்பார்கள் என்று கணக்கில் சுமையை எடுத்துக்கொண்டேன். எந்த இரும்புச் சட்டத்தில் எவ்வளவு விசை என்று கணினி சொன்னது. எனக்குக் கணினியில் முழு நம்பிக்கை இல்லை. உட்கார்ந்து மூட்டு மூட்டாக எல்லாவற்றையும் கையால் மறுபடி போட்டுப் பார்த்தேன். இரண்டும் அச்சொட்டாகப் பொருந்தின.

வாப்பா தேநீரோடு வந்து எட்டிப் பார்த்தார்.

“என்ன புள்ள, கம்பியூட்டரும் உன்ட கையும் ஒண்டையா சொல்லுது?”

“ஓம் வாப்பா, புள்ளி பிசகல்ல.”

அதன் பிறகு வாப்பாவைப் பிடிக்க முடியவில்லை. பாலத்தால் வருகிறவர்களை மறித்து, மகள் இரண்டு தரம் கணக்குப் பார்த்துக் கட்டினது என்பார். கூச்சமாக இருந்தது. ஆனால் பிடித்தும் இருந்தது.

யுத்தம் முடிந்தால் நிரந்தரப் பாலம் வரும் என்றார்கள். யுத்தம் முடிந்தது, பாலம் வரவில்லை. அதற்குள் வாப்பா மௌத்தானார்.

வழக்கமாக ஜனாஸா ஊர்வலங்கள் வீதியால்தான் போகும். தன்னை மட்டும் மகளின் பாலத்தால் கொண்டுபோகச் சொல்லி வாப்பா சொல்லி வைத்திருந்தாராம். அதைக் கேட்டு அழுதேனே தவிர, கணக்கு நினைவுக்கு வரவில்லை.

ஜனாஸாவோடு பெண்கள் போவதில்லை. பின்வேலியோரம் நின்று பார்த்தேன். வாப்பாவைக் கிடத்திய சந்தூக்கைத் தூக்கியவர்களைச் சுற்றி ஊரே நெருக்கிக்கொண்டு போனது. நாலடிக்காவது தோள் கொடுத்துவிட வேண்டுமென்று ஆளை ஆள் முட்டிக்கொண்டு வந்தார்கள். அப்படியே பாலத்தில் ஏறினார்கள். கலிமாச் சத்தம் சட்டென்று நின்றது. காக்கா என்று நான் கூப்பிடும் என் அண்ணன் கத்தியது வேலிவரை கேட்டது.

“பாலம் பதியுது! தூக்கிற ஆக்கள் மட்டும் போங்க, மத்த ஆக்கள் பின்னுக்கு வாங்க!”

அல்ஹம்துலில்லாஹ், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நாலு பேர் மட்டும் மெதுவாக வாப்பாவை அக்கரைக்குக் கொண்டுபோனார்கள். அவரோடு ஒரே வள்ளத்தில் கடலுக்குப் போனவர்களும், காரைதீவிலிருந்து வந்த பழைய கூட்டாளியும் இந்தக் கரையில் நின்றுவிட்டார்கள். வீதியால் சுற்றிப் போய்ச் சேர்ந்தார்கள்தான், ஆனால் தோள் கொடுக்கக் கிடைக்கவில்லை. அதை இன்றைக்கும் என்னால் தாங்க முடியவில்லை.

பிறகு போய்ப் பார்த்தேன். மேல் சட்டமொன்று வளைந்திருந்தது. பாலத்தை மூடச் சொல்லிவிட்டு, சனம் நெருக்கி நின்றால் என்ற சுமையோடு கணினியிலும் கையிலும் திரும்பப் போட்டேன். இந்தத் தடவையும் இரண்டும் ஒத்துப்போயின: அந்தச் சட்டம் தாங்காது. முதல் தடவையும் இரண்டிலும் பிழை இருக்கவில்லை. இரண்டுக்கும் ஒரே சுமையைக் கொடுத்தவள் நான். நான் சொன்னதைத்தான் இரண்டும் எனக்குத் திருப்பிச் சொல்லியிருக்கின்றன. ஜனாஸாவோடு ஒரு நாளும் நடந்திராத எனக்கு, ஆண்கள் அப்படித்தான் நடப்பார்கள் என்பது தோன்றவே இல்லை.

இப்போதும் இரண்டு விடைகள் அச்சொட்டாகப் பொருந்தினால் எனக்குச் சந்தோஷம் வருவதில்லை. தேநீரோடு பக்கத்திலேயே நின்ற வாப்பாவிடம், இந்தப் பாலத்தால் யாரெல்லாம் எப்படிப் போவார்கள் என்று ஒரு வார்த்தை கேட்காமல் விட்டேனே என்ற நினைப்புத்தான் வருகிறது.